மூன்றாம் எதிர்மனுதாரர்

அமீனா வந்தபோது அம்மா வீட்டில் தனியாக இருந்தார். 2018 ஜூன் மாதம். அப்பா இறந்து ஒரு வருடம்கூட நிறையவில்லை. ஒரு காகிதத்தைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார் அமீனா, அவ்வளவுதான் நடந்தது. ஆனால் பள்ளிபாளையத்தில் எங்கள் தெருவுக்கு அமீனா என்றால் ஜப்திதான். அவர் தெருமுனையைத் தாண்டுவதற்குள் எதிர்வீட்டு அத்தை ஓடிவந்து, "பாத்திரமெல்லாம் எடுத்து எங்கூட்டுல வெச்சிரட்டுமா?" என்று கேட்டாராம். அம்மா பதில் சொல்லாமல் அந்தக் காகிதத்தை அரிசி டப்பாவுக்குள் வைத்து மூடியிருக்கிறார். நான் அதைப் பார்த்தது பத்து நாள் கழித்துத்தான்.

அதில் அப்பா பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று போட்டிருந்தது. கீழே வாரிசுகள் இரண்டு பேர். ஒன்று, மனைவி. இரண்டு, மகன். என் பெயரும் தங்கை பெயரும் இல்லை.

அப்பா நான்கு விசைத்தறிகள் வைத்துக் கூலிக்கு நெய்துகொடுத்தவர். நூல் விலை ஏறினாலும் இறங்கினாலும் அடிபடுகிற இடம் தறிக்காரர்தான். 2012இல் ஒரு பைனான்ஸ்காரரிடம் 2 லட்சம் ரூபாய்க்குப் புரோநோட்டு எழுதிக் கொடுத்தார். திருப்பித் தர முடியவில்லை. அவர் வழக்குப் போட்டார். சம்மன் வந்தது, அப்பா கோர்ட்டுக்குப் போகவே இல்லை. வக்கீல் வைக்கப் பணமில்லை என்பது பாதிக் காரணம். கோர்ட் வாசலில் தன்னை யாராவது பார்த்துவிடுவார்கள் என்பது மீதி. 2015இல் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகிவிட்டது: அசலும் வட்டியும் செலவும் சேர்த்து 2,64,000 ரூபாய், அசலுக்கு மேற்கொண்டு 6 சதவீத வட்டி. 2017இல் அப்பா மாரடைப்பில் போனார். அமீனா கொண்டுவந்த கணக்கில் தொகை 3 லட்சத்தைத் தாண்டியிருந்தது.

இதையெல்லாம் எனக்கு முதலில் சொன்னது அண்ணன்தான். அவர் சொன்ன தொகை 8 லட்சம்.

"டிக்ரி ஆனது ஒண்ணு, ஆகாதது ரெண்டு. எல்லாஞ் சேத்தா வீடு போயிரும் அம்மிணி. நல்லவேளை, உங்க ரெண்டு பேரையும் அவங்க வாரிசுலயே சேக்கல. இப்பவே ஒரு விடுதலைப் பத்திரம் எழுதிக் குடுத்துட்டீங்கன்னா கடனும் உங்களத் தொடாது. இல்லேன்னா உன் சம்பளத்துல கைய வெச்சிருவாங்க."

நான் அரசுப் பள்ளி ஆசிரியை. சம்பளம் என்ற வார்த்தை என்னை நிறுத்தியது. அன்று இரவு என் கணவர் கேட்ட முதல் கேள்வி, "நம்ம வீட்டுக்கு வந்துருவாங்களா?" என்பது. அப்பா கடைசியாக எங்கள் வீட்டுக்கு வந்தபோது பலகாரப் பையோடு படியேறியவர், "மாப்ள இருக்காரா?" என்று மெல்லிய குரலில் கேட்டுவிட்டு உள்ளே வந்தார். அவருடைய கடன் என் புருஷன் வீட்டுப் படியேறுவதை அவர் தாங்கியிருக்க மாட்டார் என்று நினைத்துக்கொண்டேன். கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று முடிவே செய்துவிட்டேன். தங்கை எனக்கு முந்திக்கொண்டாள். அடுத்த வாரமே சார் பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டு, ரேகை வைத்து, போட்டோ எடுத்துக்கொண்டு வந்தாள். பதிவுச் செலவு அண்ணனுடையது. அவளுக்கு ஒரு சேலையும் ஐயாயிரம் ரூபாயும் கிடைத்தன. "கடன்லருந்து தப்பிச்சேன்க்கா" என்று போனில் சொன்னாள். குரலில் நிஜமான நிம்மதி.

எனக்குக் குறித்த நாளில் பள்ளியில் ஆய்வு வந்தது. ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். அந்த ஒரு வாரத்தில்தான், கூட வேலை பார்க்கும் தோழியின் வற்புறுத்தலால், ஈரோட்டில் ஒரு பெண் வழக்கறிஞரைப் பார்த்தேன். ஆய்வு வந்திராவிட்டால் இந்தக் கட்டுரை இல்லை. விழிப்புணர்வு, துணிவு என்றெல்லாம் இதற்குப் பெயர் வைக்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அவர் என்னிடம் முதலில் கேட்டது, "அப்பா எப்ப இறந்தார், தீர்ப்புக்கு முன்னாடியா பின்னாடியா?" என்பதுதான். அது ஏன் முக்கியம் என்று எனக்குத் தெரியவில்லை. இறந்துபோன ஒருவர் மேல் வழக்குப் போட்டு வாங்கிய தீர்ப்பு தீர்ப்பே அல்ல, வெறும் காகிதம் என்றார். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போது இறந்தால், 90 நாளுக்குள் வாரிசுகளை வழக்கில் சேர்க்க மனுப் போட வேண்டும். போடாவிட்டால் அவர் அளவில் வழக்கு அற்றுப்போகும். எங்கள் விஷயம் மூன்றாவது வகை. உயிரோடு இருக்கும்போதே தீர்ப்பாகி, பிறகு இறந்திருக்கிறார். அந்தத் தீர்ப்பு சாகாது. 12 வருடத்துக்குள் அதை நிறைவேற்றக் கேட்கலாம், வாரிசுகள் மேலும் கேட்கலாம்.

"அப்ப எங்களைக் கட்டுப்படுத்துமா மேடம்?"

"கட்டுப்படுத்தும். ஆனா எது வரைக்குங்கறதுதான் விஷயம்."

உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 50ஆம் பிரிவைத் திறந்து காட்டினார். 1908ஆம் வருடத்துச் சட்டம். இறந்தவரின் சொத்தில் எவ்வளவு வாரிசின் கைக்கு வந்து சேர்ந்து, முறையாகச் செலவாகாமல் இருக்கிறதோ, அந்த அளவுக்குத்தான் வாரிசு பொறுப்பு. அதற்கு மேல் ஒரு ரூபாய்கூட இல்லை. என் சம்பளம் அப்பாவின் சொத்து அல்ல. என் நகை, என் சேமிப்பு, என் கணவரின் வீடு, எதுவும் அப்பாவின் சொத்து அல்ல. அப்பா ஒன்றுமே விட்டுச்செல்லாமல் கோடி ரூபாய் கடன் வைத்துவிட்டுப் போயிருந்தாலும் அந்தத் தீர்ப்பை வைத்து என்னை ஒன்றும் செய்ய முடியாது.

ஒரு டீ குடிக்கிற நேரத்தில் அவர் இதைச் சொல்லி முடித்துவிட்டார். அதைத் தெரியாமல் என் தங்கை நான்கில் ஒரு பங்கை எழுதிக் கொடுத்துவிட்டாள்.

கணக்கைப் பாருங்கள். 1991இல் அப்பா தன் சம்பாத்தியத்தில் வாங்கிய நாலு சென்ட் இடமும் அதில் கட்டிய வீடும். உயில் இல்லை. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், இரண்டு மகள்கள், நான்கு பேருக்கும் சம பங்கு. புரோக்கர்கள் சொன்ன விலை 22 லட்சம். டிக்ரி ஆன கடன் 3 லட்சத்துச் சொச்சம். டிக்ரி ஆகாத இரண்டையும் சேர்த்தால் ஐந்தரை லட்சத்தைத் தாண்டாது. முழுக்கடனையும் தீர்த்த பிறகும் ஆளுக்கு 4 லட்சம் மிஞ்சும். ஊரில் சொல்வார்கள், சொத்து வேண்டுமென்றால் கடனையும் ஏற்றுக்கொள் என்று. நியாயமான பேச்சுதான். சொத்துக்குள்ளேயே கடன் அடங்கும், சொத்தைத் தாண்டி வெளியே வராது என்ற மறுபாதியை மட்டும் யாரும் மகள்களிடம் சொல்வதில்லை.

விடுதலைப் பத்திரத்தால் கடன்காரருக்கு எந்த நஷ்டமும் இல்லை என்பதையும் அன்றுதான் புரிந்துகொண்டேன். வீடு யார் பெயரில் இருந்தாலும் அப்பாவின் கடனுக்கு அது பொறுப்பு. தங்கை கையெழுத்துப் போட்டதால் கடன் ஒரு பைசா குறையவில்லை. அவளுடைய பங்கு அண்ணன் பக்கம் போனது, அவ்வளவே.

சரி, எங்கள் பெயர்கள் ஏன் நோட்டீஸில் இல்லை? கடன்காரரின் வக்கீல் கெட்ட எண்ணத்தில் விட்டார் என்று நான் நினைக்கவில்லை. வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று தெருவில் விசாரித்திருப்பார். அம்மாவும் பையனும் என்று சொல்லியிருப்பார்கள். பெண்கள்? கட்டிக்கொடுத்துவிட்டார்கள். ஒரு தெருவே சேர்ந்து எங்களை வாரிசுப் பட்டியலிலிருந்து நீக்கியது, ஒருவருக்கும் தான் நீக்குவதே தெரியாமல்.

பெயர் இல்லாததால் தப்பித்தேன் என்று அண்ணன் சொன்னதிலும் ஓட்டை இருந்தது. கடன்காரர் நேர்மையாக விசாரித்து, இவர்கள்தான் வாரிசுகள் என்று நம்பிச் சிலரை மட்டும் சேர்த்திருந்தால், அந்தச் சிலர் இறந்தவரின் சொத்து முழுவதற்கும் பிரதிநிதிகள் ஆகிவிடுவார்கள். அவர்களுக்கிடையே சூதோ கூட்டுச்சதியோ இல்லாதவரை, விடுபட்ட வாரிசின் பங்கையும் அது கட்டும். 1960களிலேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லியிருக்கிறது. அதாவது என் பெயர் இல்லாமலேயே என் பங்கு ஏலம் போகலாம். நோட்டீஸ் மட்டும் எனக்கு வராது.

"அதனால உள்ள போங்க" என்றார் வழக்கறிஞர். "உங்களையும் சேர்க்கச் சொல்லி நீங்களே மனுப் போடுங்க."

கடன் வழக்கில் என்னையும் சேருங்கள் என்று நானே போய்க் கேட்பதா! என் கணவருக்கு இதைப் புரியவைக்க மூன்று நாளானது.

இங்கே பழைய இந்துச் சட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அப்பன் கடனை அடைப்பது மகனின் புனிதக் கடமை என்று ஒரு கோட்பாடு இருந்தது. கடனோடு செத்தவனின் ஆன்மா கரையேறாது, பிண்டம் வைக்கிற மகன்தான் அதை மீட்க வேண்டும் என்பது அதன் வேர். சூதுக்கும் குடிக்கும் வாங்கிய கடன் இதில் சேராது. மற்ற கடன்களுக்கு மகனுடைய பூர்வீகச் சொத்துப் பங்கின் மேலும் கடன்காரர் கைவைக்கலாம். மகளுக்கு இந்தக் கடமை கிடையாது. அவள் பிண்டம் வைப்பதில்லை. பூர்வீகச் சொத்திலும் அவளுக்குப் பிறப்புரிமை கிடையாது. தமிழ்நாட்டில் 1989இல் மாநிலத் திருத்தம் வந்தது, அதுவும் 25.3.1989க்கு முன் கல்யாணமான பெண்களை வெளியே நிறுத்திவிட்டு. நாடு முழுவதற்கும் 9.9.2005 முதல் மகளுக்கும் மகனுக்கும் சமம் என்று வந்தபோது, அதே திருத்தத்தில் இந்தப் புனிதக் கடமையும் போனது. அந்தத் தேதிக்குப் பிறகு வாங்கிய கடனுக்கு, மகன் என்ற ஒரே காரணத்துக்காக எவரையும் பிடிக்க முடியாது. மகள் உள்ளே வந்த அன்றே கடமை வெளியே போனதை யாராவது ஆராய்ச்சி செய்து எழுதினால் நான் படிக்கக் காத்திருக்கிறேன்.

சட்டம் போனாலும் அந்த எண்ணம் போகவில்லை. எங்கள் வீட்டில் அது அம்மாவிடம் இருந்தது.

அப்பாவின் பதினாறாம் நாள் காரியத்துக்கு மறுநாள், டிக்ரி ஆகாத கடன்காரர் ஒருவர் வந்து திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். அதட்டவில்லை, மிரட்டவில்லை. "அவரு நோட்டு காலாவதியாயிரும். உங்க பேருல ஒண்ணு மாத்தி எழுதிக் குடுத்துருங்க, அப்பறம் மெதுவாக் குடுங்க" என்றிருக்கிறார். அம்மா எழுதிக் கொடுத்துவிட்டார், ஒன்றரை லட்சத்துக்கு. இன்னொருவருக்கு 90,000. அதை ஆயுள் காப்பீட்டுப் பணம் வந்ததும் அப்படியே எடுத்துக் கொடுத்திருக்கிறார். "கடன்காரனாச் செத்தான்னு உங்கப்பனுக்குப் பேரு வரக்கூடாது கண்ணு."

வழக்கறிஞரிடம் இதைச் சொன்னபோது அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். காப்பீட்டுப் பணம் ஜப்தி செய்ய முடியாத பணம், 60ஆம் பிரிவிலேயே இருக்கிறது. கடன்காரர் கோர்ட்டுக்குப் போயிருந்தால் தொட்டிருக்க முடியாது. புரோநோட்டு அதைவிட மோசம். அப்பாவின் கடனுக்கு அம்மாவின் பொறுப்பு, வீட்டில் அவருக்குள்ள கால் பங்கோடு நின்றிருக்கும். புது நோட்டில் கையெழுத்துப் போட்ட நொடியில் அது அம்மாவின் சொந்தக் கடனாகிவிட்டது. இனி எல்லை இல்லை. அவருடைய நகை, அவர் பீடி சுற்றிச் சேர்த்த பணம், எல்லாம் அதற்குள் வரும். கையெழுத்து என்னுடையதுதான் என்று ஒப்புக்கொண்டால், பணம் கைமாறியதாகவே கோர்ட் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது அம்மா.

ஜப்தி செய்யக்கூடாதவற்றின் பட்டியல் அந்த 60ஆம் பிரிவில் சமையல் பாத்திரங்களோடும் படுக்கையோடும் தொடங்குகிறது. எதிர்வீட்டு அத்தை பயந்திருக்க வேண்டியதில்லை. மத வழக்கப்படி ஒரு பெண் கழற்றக்கூடாத நகையும் அதில் உண்டு. தாலியைத்தான் சொல்கிறார்கள். அப்பா இறந்த பிறகு அம்மா கழற்றிக் கொடுத்த தாலிக்கொடி பீரோவில் கிடக்கிறது. புருஷன் இருக்கும்வரை சட்டம் காத்த அது இப்போது வெறும் ஐந்து பவுன். அப்பாவின் டிக்ரிக்கு அதைத் தொட முடியாது, ஏனென்றால் அது அம்மாவின் சொத்து. அம்மா எழுதிக் கொடுத்த நோட்டுக்குத் தொடலாம்.

நாங்கள் நிறைவேற்று மனுவில் சேர்ந்தோம், நானும் தங்கையும். அங்கே ஒரு விஷயம் என்னை உடைத்தது. வக்கீலிடம் அம்மா தன் கணக்கைச் சொன்னார். ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் பைனான்ஸ்காரரின் ஆள் வருவான். அவன் கையில் 500, சில வாரம் 1000. இரண்டு வருடத்தில் 60,000க்குக் குறையாது. எந்தத் தீபாவளிக்குக் கொடுக்கவில்லை, எந்தப் பொங்கலுக்குச் சேர்த்துக் கொடுத்தார் என்பதுவரை நினைவு. ரசீது ஒன்றும் இல்லை. இருந்திருந்தாலும் பயனில்லை. தீர்ப்புக்கு முன் கொடுத்ததை வழக்கு நடக்கும்போது சொல்லியிருக்க வேண்டும். நிறைவேற்றும் கோர்ட் தீர்ப்பு சரியா தவறா என்று பார்க்காது, அதிலுள்ள தொகையை மட்டும்தான் பார்க்கும். அப்பா வெட்கப்பட்டுப் போகாமலிருந்த அந்த ஒரு நாள் எங்கள் எல்லோரையும் கட்டிவிட்டது. அம்மா கொடுத்த 60,000 எந்தக் காகிதத்திலும் இல்லை. கோர்ட்டுக்குப் போவதா வேண்டாமா என்று முடிவு செய்யும்போது அம்மாவிடம் யாரும் கேட்கவும் இல்லை.

அண்ணனின் அவசரத்துக்கான காரணமும் அங்கேதான் தெரிந்தது. நான்கு தறிகளையும் அவர் ஏற்கெனவே 1,60,000க்குப் பழைய இரும்புக்கு எடைபோட்டிருந்தார். அதுவும் அப்பாவின் சொத்துதான். வாரிசு கைக்கு வந்த சொத்தை முறையாகச் செலவழித்ததாகக் கணக்குக் காட்ட முடியாவிட்டால், அந்தத் தொகைவரை அவர் சொந்தக் கடன்காரரைப் போலவே பொறுப்பாவார். 52ஆம் பிரிவு. ஈமச்சடங்குச் செலவைக் காட்டலாம், ஆஸ்பத்திரி பில்லைக் காட்டலாம். மகன் காதுகுத்துக்குச் செலவழித்ததைக் காட்ட முடியாது. கடன் தலையில் விழும் என்று எங்களைப் பயமுறுத்தியவர், உண்மையில் அவர் தலைக்கு மேலிருந்ததைப் பார்த்துத்தான் பயந்துகொண்டிருந்தார்.

அவரை வில்லனாக எழுத எனக்கு மனமில்லை. பதினேழு வயதிலிருந்து சம்பளமில்லாமல் அப்பாவோடு தறி ஓட்டியவர். நான் ஆசிரியர் பயிற்சிக்குப் போனது அந்தத் தறிச் சத்தத்தில்தான். அவர் உழைப்புக்கு ஒரு கணக்கு வேண்டும் என்று அவர் கேட்டிருந்தால் நான் உட்கார்ந்து பேசியிருப்பேன். அவர் கேட்டது அதுவல்ல. "நாந்தானே மகன்" என்றார்.

டிக்ரி தொகையைக் கடன்காரரோடு பேசி, தவணையாகக் கட்ட ஒப்புக்கொண்டோம். என் பங்காக 75,000 கட்டினேன். கட்டியதை நான் இழப்பாக நினைக்கவில்லை. அப்பா வாங்கியது கடன், அவர் விட்டுப்போனது வீடு, இரண்டிலும் எனக்குக் கால் பங்கு. ஒவ்வொரு தவணைக்கும் கோர்ட்டில் பதிவு செய்து, நகல் வாங்கி வைத்தேன். தங்கையின் பத்திரம் அப்படியே நிற்கிறது. ஏமாற்றி வாங்கியதென்று ரத்து செய்ய வழக்குப் போடலாம், தெரிய வந்த நாளிலிருந்து மூன்று வருடம் அவகாசம் என்றார் வழக்கறிஞர். தங்கை மாட்டேன் என்றுவிட்டாள். "அண்ணன் வேணும்க்கா" என்றாள். மூன்று வருடமும் போய்விட்டது. அண்ணன் என்னோடு பேசுவதில்லை.

அம்மாவின் நோட்டுக்கு 2019இல் தனியாக வழக்கு வந்தது. திண்ணையில் மெதுவாகப் பேசிய அதே ஆள், இந்த முறை ஆள் அனுப்பி, "பொம்பளைன்னு பாக்க மாட்டோம், ஜெயிலுக்குப் போகணும்" என்று சொல்ல வைத்தார். அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை. பணம் கட்டச் சொல்லும் தீர்ப்புக்காக எந்தப் பெண்ணையும் கைது செய்யக்கூடாது, சிவில் சிறையில் வைக்கக்கூடாது என்று அதே 1908 சட்டம், 56ஆம் பிரிவு, சொல்கிறது. பெண்களை ஆண்களின் நிழலில் வைத்துப் பார்த்த காலத்துக் கருணை அது, எனக்குத் தெரியும். இருந்தாலும் அன்று இரவு அதை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி அம்மாவிடம் கொடுத்தேன். அதுவும் அரிசி டப்பாவுக்குள் போனது.

நாங்கள் மனுவில் சேர்ந்த பிறகு வந்த முதல் வாய்தா நினைவிருக்கிறது. பெஞ்சில் இடமில்லை, சுவரோரம் நின்றிருந்தேன். திருத்திய மனுவின் நகல் கையில் இருந்தது. மூன்றாம் எதிர்மனுதாரர் என்று போட்டு என் பெயர், அடுத்து அப்பாவின் பெயர், பிறகு 'மகள்' என்று இருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு என் ரேஷன் கார்டிலும் வாக்காளர் அட்டையிலும் கணவர் பெயர்தான். வீட்டு வரி ரசீதில் அண்ணன் பெயர். டவாலி வாசலுக்கு வந்து என் பெயரையும் அப்பாவின் பெயரையும் சேர்த்து மூன்று முறை கூப்பிட்டார். இரண்டாவது முறையில்தான் அது நான் என்று உறைத்து, "இருக்கேன்" என்றேன்.